இராபர்ட் கால்டுவெல்

இராபர்ட் கால்டுவெல் (மே 7, 1814 – ஆகஸ்ட் 28, 1891) அயர்லாந்தில் பிறந்து, திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த கிறித்தவ மதப்பணியாளரும் மொழியியல் அறிஞரும் ஆவார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் (1856) நூலால் பெரிதும் அறியப்படும் இவர், தென்மாவட்ட நாட்டார் நம்பிக்கைகளை எழுத்தில் பதிவு செய்த முன்னோடிகளுள் ஒருவர்.

வாழ்க்கை

அயர்லாந்தின் ஆண்ட்ரிம் பகுதியில் பிறந்த கால்டுவெல், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1838இல் சென்னைக்கு வந்தார். 1841இல் திருநெல்வேலிக்குச் சென்று, உடன்குடிக்குத் தென்மேற்கே, தேரி மணலும் பனையும் சூழ்ந்த இடையன்குடியில் தங்கினார். 1844இல் எலைசாவை மணந்தார்.

நாட்டார் நம்பிக்கைகள்

1849இல் வெளியான 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்னும் ஆங்கில நூலில், இப்பகுதியின் பேய் வழிபாட்டை விவரித்தார். அகால மரணம் அடைந்தோர் பேயாவர் என்றும், நோய்க்கும் கேட்டிற்கும் அவையே காரணம் என்றும் மக்கள் நம்பினர். நோய் நீங்கப் பலியிட்டு, சாமியாடியிடம் குறி கேட்டனர். மணிகள் கட்டிய வில்லைக் குடத்தின் மீது வைத்து இசைக்கும் வழக்கமும் அந்நூலில் பதிவாகியுள்ளது. 1809ஆம் ஆண்டுப் போரில் காயமுற்று இறந்த போல் என்ற ஆங்கிலப் படை அதிகாரிக்கு மக்கள் மதுவும் சுருட்டும் படைத்ததையும் குறிப்பிட்டுள்ளார். அவர் பிறந்த அயர்லாந்திலும் புனிதக் கிணறுகளின் அருகிலுள்ள மரங்களில் துணி கட்டி நோய் நீங்க வேண்டும் வழக்கம் இருந்தது.

எதிர்ப்பு

மதமாற்றப் பணியின் தேவைக்காக எழுதப்பட்ட இந்நூல், பனைத்தொழில் செய்த மக்களை அறிவில் தாழ்ந்தவர்களாகச் சித்தரித்தது. அச்சமூகத்தினர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். எதிர்த்தோரில் முதன்மையானவரான சட்டாம்பிள்ளை, 1857இல் ஐரோப்பியர் தலைமையை ஏற்காத தனித் திருச்சபையை நிறுவினார். நூல் பின்னர் புழக்கத்திலிருந்து விலக்கிக் கொள்ளப்பட்டது. வழிபாட்டு முறைகளை நேரில் கண்டு எழுதிய குறிப்புகளுக்காக ஆய்வாளர்கள் இன்றும் இதனைப் பயன்படுத்துகின்றனர். மக்களைப் பற்றிய அதன் மதிப்பீடுகளை ஏற்பதில்லை.

இறுதிக்காலம்

1877இல் ஆயராக உயர்த்தப்பட்டார். இவர் எழுப்பிய இடையன்குடி தூய திரித்துவ ஆலயம் 1880இல் திறக்கப்பட்டது. 1881இல் திருநெல்வேலி வரலாற்றை வெளியிட்டார். கொடைக்கானலில் காலமான இவரது உடல் இடையன்குடி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1968இல் சென்னை மெரீனா கடற்கரையில் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது.