யார் இந்த செர்தா? வீடுகளுக்கு முன்பே தெருக்களை வரைந்தவரின் கதை

பார்சிலோனான்னு சொன்னா பலருக்கும் ஃபுட்பால்தான் ஞாபகம் வரும். ஆனா மேலிருந்து எடுத்த போட்டோவில் அந்த ஊரைப் பார்த்தால் செஸ் போர்டு மாதிரி வரிசையா கட்டங்கள். அதை வரைந்தவர் இல்டெஃபோன்ஸ் செர்தா.

1815-ல் கட்டலோனியாவின் சென்டேயஸ் பகுதியில் பிறந்தார். மாட்ரிட்டில் படித்து அரசு இன்ஜினீயர் ஆனார். அண்ணன்கள் இறந்ததால் குடும்பச் சொத்து கைக்கு வர, 1849-ல் வேலையை விட்டுவிட்டு நகரங்களைப் பற்றிய ஆய்வில் இறங்கினார்.

அப்போ பார்சிலோனா கோட்டை மதிலுக்குள் மூச்சுமுட்டிக் கிடந்தது. ராணுவ விதிப்படி மதிலுக்கு வெளியே வீடு கட்டக் கூடாது. உள்ளே குறுகலான சந்துகள், அடிக்கடி கொள்ளைநோய். 1854-ல்தான் மதிலை இடிக்க உத்தரவு வந்தது. தொழிலாளர்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன சம்பாதிக்கிறார்கள் என்று செர்தா கணக்கெடுத்தார்.

பிளானில் என்ன இருந்தது?

ஊர் தன் போக்கில் வெளியே பரவினால், மனை போட்டவர் இஷ்டத்துக்கு தெரு வரும். பாதி முட்டுச்சந்தாக முடியும். செர்தா தெருவை முதலில் வரைந்தார். ஒவ்வொரு கட்டமும் சுமார் 113 மீட்டர், பெரும்பாலான தெருக்கள் 20 மீட்டர் அகலம். ஒரு வழி அடைத்தால் அடுத்த தெருவில் போகலாம். வண்டி சுலபமாகத் திரும்ப, மூலைகளை வெட்டிவிட்டார். குறுக்கே போக டயகனல் என்ற பெரிய சாலை. வெளியே தனியாக இருந்த கிராசியா போன்ற ஊர்களும் நகரத்தோடு சேர்ந்தன.

எதிர்ப்பும் இழப்பும்

1859-ல் மாட்ரிட் அரசு இந்த பிளானை ஏற்றது. மாநகராட்சியோ தனியாக போட்டி வைத்து வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது. கடைசியில் 1860-ல் அரசு ஆணையால் செர்தாவின் பிளானே நிலைத்தது. 1867-ல் வெளியான நூலில் ‘அர்பனைசேஷன்’ என்பதற்கான ஸ்பானியச் சொல்லையும் அவர் தந்தார்.

கட்டத்தின் இரண்டு பக்கம் மட்டும் வீடு, நடுவில் தோட்டம் என்பது அவர் கனவு. நில உரிமையாளர்கள் நாலு பக்கமும் கட்டி, நடுவையும் நிரப்பிவிட்டார்கள். சொத்தெல்லாம் கரைந்த நிலையில் 1876-ல் செர்தா இறந்தார்.

தோட்டம் போச்சு, ஆனா தெரு நின்றது. கட்டடத்தை இடித்துக் கட்டலாம். தெருவை மாற்றுவது லேசான வேலை இல்லை. அதே கட்டங்களைச் சேர்த்துத்தான் 2016-ல் பார்சிலோனா, கார்களைக் குறைத்து நடப்பவர்களுக்கு இடம்விடும் ‘சூப்பர் பிளாக்’குகளை அமைக்கத் தொடங்கியது.