வேதனைப்படுகிறவளுக்கு இரங்கிய வைத்தியர்



காவாந்தண்டலம் பக்கம் வீட்டு ஜெபத்துக்குப் போகும்போதெல்லாம் மாசமா இருக்கிற பிள்ளைகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். பிரசவ வலிக்கு மருந்து எடுத்துக்கொண்டால் அது விசுவாசக் குறைவா என்று. அவர்களுக்கு நான் சொல்லுகிற ஜீவிய சரித்திரம் இது.

ஜேம்ஸ் யங் சிம்சன் 1811-ல் ஸ்காட்லாந்தின் பாத்கேட் ஊரில் ரொட்டி சுடுகிறவருக்கு மகனாகப் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். 14 வயதில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1840-ல் 28 வயதிலேயே பிரசவ வைத்தியப் பேராசிரியர் ஆனார்.

பிரசவத்தில் துடிக்கிற பெண்களைப் பார்த்து அவர் உள்ளம் உருகிற்று. 1847 ஜனவரியில் ஈதர் கொடுத்துப் பார்த்தார். நவம்பர் 4 இரவு, தம் வீட்டு சாப்பாட்டு மேசையிலேயே இரண்டு உதவி டாக்டர்களோடு குளோரோஃபார்மை முகர்ந்தார். மூன்று பேரும் மயங்கி விழுந்தார்கள்! சில நாளிலேயே ஒரு தாய்க்கு அதைக் கொடுத்தார்.

ஏவாளுக்குச் சொல்லப்பட்ட வேதனையை நீக்கலாமா என்று சிலர் தடுத்தார்கள். சிம்சன் வேதத்திலிருந்தே பதில் எழுதினார். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கர்த்தர் அவனுக்கு அயர்ந்த நித்திரை வரப்பண்ணினாரே! முள்ளும் குருக்கும் முளைக்கும் என்றும் அங்கேதான் இருக்கிறது. அதற்காக நாம் வயலில் களை பிடுங்காமலா இருக்கிறோம்?

1853-ல் விக்டோரியா ராணியும் ஜான் ஸ்னோ டாக்டரிடம் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டே லியோபோல்டைப் பெற்றார். சிம்சன் 1870-ல் மரித்தார்.

ஆனாலும் அந்த மருந்தில் ஆபத்தும் இருந்தது. 1848-லேயே சின்ன ஆபரேஷனுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தபோது 15 வயதுப் பெண் இறந்துபோனாள். இன்று பிரசவத்துக்கு அதைக் கொடுப்பதில்லை. முதுகில் போடுகிற எபிடூரல், வலி குறைக்கிற ஊசி, முகர்கிற வாயு எல்லாம் இருக்கின்றன. எபிடூரலுக்கு மயக்க மருந்து டாக்டர் வேண்டும்; எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. ஆகையால் வலி வந்தபிறகு ஓடாதீர்கள். எட்டாம் மாசத்திலேயே டாக்டரம்மாவிடம் என்ன இருக்கிறது, எது நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று கேட்டுவையுங்கள். நடப்பது, இடுப்பைத் தேய்த்துவிடுவது, தைரியம் சொல்ல ஒரு பெண் பக்கத்தில் இருப்பது, இவையும் நல்ல உதவி.

மருந்து வேண்டாம் என்கிறவளும் விசுவாசிதான், வேண்டும் என்கிறவளும் விசுவாசிதான். மாமியார்மாரே, கணவன்மாரே, அவளைக் குற்றப்படுத்தாதிருங்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபியுங்கள்.