ஒரு கையெழுத்தின் விலை

1940 ஜூன் மாதம் பாரிஸ் நாஜிப் படையிடம் வீழ்ந்தது. உயிருக்கு அஞ்சி ஓடிய யூதர்கள், தென்மேற்கு பிரான்சிலுள்ள போர்தோ நகரில் போர்ச்சுகல் துணைத் தூதரக வாசலில் திரண்டனர். அங்குத் துணைத் தூதராயிருந்தவர் அரிஸ்திதெஸ் டி சூசா மெண்டெஸ். நாடிழந்த யூதருக்கு முன் அனுமதியின்றி விசா வழங்கலாகாது என்பது சலாசர் அரசின் 1939-ஆம் ஆண்டு ஆணை. மூன்று நாள் மனம் நொந்து படுக்கையில் கிடந்த அவர், எழுந்து வந்து கேட்டோர்க்கெல்லாம் கையெழுத்திட்டார். ஆயிரக்கணக்கானோர் ஸ்பெயின் வழியே போர்ச்சுகல் சேர்ந்து பிழைத்தனர்.

அவரோ பதவியிழந்தார். பதினைந்து பிள்ளைகளைப் பெற்ற அவர் 1954-இல் வறுமையில் மறைந்தார். 1988-இல்தான் போர்ச்சுகல் நாடாளுமன்றம் அவர்மீதிருந்த பழியைத் துடைத்தது.

நாளை அரசுப் பணியில் அமர விழைபவன் நான். விதிநூலைப் புரட்டும்போதெல்லாம் என் மேசைக்கு எதிரே நிற்கும் மனிதரின் முகத்தையும் பார்ப்பேனா? அவர் வரலாறு என்னை அன்றாடம் கேட்கும் கேள்வி இது.