பிறப்பிலே உயர்வு ஏது?

அடி அண்ணாமலைக் கிரிவலப் பாதையிலே நடப்போர் ஆயிரமாயிரம், ஒருவரைப்போல் மற்றொருவரில்லை. இந்த வேற்றுமையைத்தான் உயர்வென்றும் தாழ்வென்றும் சொல்லி நம்மைப் பிரித்தனர். ஹால்டேன் எனும் அறிஞரோ உண்மையைக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

1892-ல் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். வசதியான குடும்பம், நெஞ்சமோ பாட்டாளிகள் பக்கம்! ஆலைப்புகையால் மரங்கள் கறுத்த ஊர்களில், வெளிறிய அந்துப்பூச்சி பறவைக்கு இரையாக, கரிய பூச்சி பெருகியது. அந்த வேகத்தை 1924-ல் கணித்தார். புகையில்லா ஊரிலோ வெளிறியதே பிழைக்கும்!

இரத்தக் குறையொன்று மலேரியாவைத் தடுக்கக்கூடுமென்று 1949-ல் உரைத்தார். அரிவாள் வடிவ இரத்த அணுவைப் பொறுத்தவரை, அது மெய்யென்று பின்னர் தெரிந்தது. அவ்வணு நம் நீலகிரிப் பழங்குடியினரிடமும் 1952-ல் கண்டறியப்பட்டது. அக்கூறு பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தால் கேடயம்; இருவரிடமிருந்தும் வந்தால் கொடுநோய். இதிலே உயர்ந்த இரத்தம் எது? தாழ்ந்த இரத்தம் எது?

1957-ல் இந்தியா வந்தார்; 1961-ல் இந்நாட்டுக் குடிமகனானார்; 1964-ல் புவனேசுவரத்தில் மறைந்தார். சடங்குக்கல்ல, மாணவர் கற்பதற்கே தம் உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குத் தந்தார்.

எந்த உடலை அறுத்துப் பார்த்தாலும், தோழர்களே, உள்ளே சாதி இல்லை!