ராஜாஜியும் அடக்குமுறைச் சட்டமும்

சேலம் நகருக்குக் கிழக்கே சில மைல் தொலைவிலுள்ள அயோத்தியாப்பட்டணத்தில் கோதண்டராமர் ஆலயம் ஒன்று உண்டு. இலங்கையினின்று திரும்பும் வழியில் பட்டாபிஷேகத்துக்குரிய முகூர்த்தம் இவ்விடத்திலேயே வாய்த்துவிட்டபடியால், ஸ்ரீராமபிரான் இங்கேயே முடி சூடிக் கொண்டார் என்பது ஊராரின் ஐதீகம். 2018-ம் வருஷத்தில், சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே போட உத்தேசித்த எட்டு வழிச் சாலைக்காக, இவ்வூரை அடுத்த அச்சாங்குட்டப்பட்டி முதலான கிராமங்களில் நிலம் அளந்து கல் நட வந்தபோது, குடியானவர்கள் எதிர்த்து நின்றனர். எதிர்த்துப் பேசியவர்களும், அவர்களுக்குத் துணை நின்றவர்களும் கைதாயினர். சாலை வேண்டுமா, வேண்டாமா என்னும் விவாதத்தில் நாம் இங்கே புகவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்காக ஒன்று கூட ஜனங்களுக்கு உரிமை உண்டா, அவ்வுரிமையைச் சட்டம் எவ்வளவு தூரம் நெருக்கலாம் என்பதே நம் முன் நிற்கும் கேள்வி.

இக்கேள்வியைத் தம் வாழ்நாளில் இரு பக்கத்திலும் நின்று சந்தித்த பெரியார் ஒருவர் இந்தச் சேலம் ஜில்லா உலகுக்கு அளித்தவரேயாவார். சட்டத்தை மீறிச் சிறை புகுந்தவரும் அவரே. முடி சூடியபின் அதே வகைச் சட்டத்தைக் கையில் எடுத்தவரும் அவரே. சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியாரின் சரித்திரத்தை இந்த ஒரு நோக்கோடு திரும்பப் பார்ப்பது, பொதுவாழ்வில் ஈடுபட்டோர் அனைவருக்கும் பயன் தரும்.

அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஓசூர்ப் பகுதியிலுள்ள தொரப்பள்ளியில் 1878-ம் வருஷம் அவர் பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் கல்வி பயின்று, 1900-ம் வருஷத்தில் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அப்போது சேலத்தின் தலைமகனாக விளங்கியவர் ஸ்ரீமான் சி. விஜயராகவாச்சாரியார். 1882-ம் வருஷத்துச் சேலம் கலகத்தைத் தூண்டியதாகக் குற்றஞ் சாட்டப்பட்டுப் பத்து வருஷத் தீவாந்தர சிக்ஷை விதிக்கப்பட்டு, பின்னர் ஹைகோர்ட்டில் குற்றமற்றவரென விடுதலை பெற்ற தீரர் அவர். அதிகார வர்க்கத்தின் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு அன்று என்னும் பாடத்தைச் சேலத்து வக்கீல்கள் அவரிடம் கண்கூடாகக் கண்டிருந்தனர். இளைஞரான ராஜகோபாலாச்சாரியார் கிரிமினல் வழக்குகளில் பெயரும் பொருளும் ஈட்டினார். 1917-ம் வருஷத்தில் சேலம் நகரசபைத் தலைவருமானார். மேடையில் பேசிய பேச்சுக்காக 1918-ம் வருஷத்தில், ராசிபுரம் தந்த தேசபக்தர் டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் மீது ராஜத்துரோக வழக்குத் தொடரப்பட்டபோது, அவருக்காக வாதாட முன்வந்தவர் நமது ஆச்சாரியாரே. வாய்ப்பூட்டுச் சட்டத்தோடு அவர் தொடுத்த போர் இவ்வாறு கோர்ட்டிலேயே துவங்கியது.

அடுத்த வருஷம் அப்போர் கோர்ட்டை விட்டு வீதிக்கு வந்தது. யுத்தகாலத்தில் இயற்றிய கடுமையான விதிகளைச் சமாதான காலத்திலும் நீடிக்கச் செய்ய விரும்பிய பிரிட்டிஷ் சர்க்கார், நீதிபதி ரௌலட்டின் தலைமையில் அமைந்த கமிட்டியின் யோசனைப்படி, 1919-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. விசாரணையின்றிக் காவலில் வைக்கலாம். ஜூரர் இல்லாமல் ரகசியமாக விசாரிக்கலாம். தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது. சந்தேகத்துக்கு ஆளானவன் இன்ன இடத்தில் வசிக்க வேண்டும், இன்ன காரியம் செய்யலாகாது என்று உத்தரவிடலாம். சட்டசபையில் இருந்த இந்திய அங்கத்தினர்களின் எதிர்ப்பைப் புறக்கணித்தே இது நிறைவேறியது.

அச்சமயம் காந்தியடிகள் சென்னையில் இருந்தார். சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்திருந்த ராஜாஜியின் இல்லத்திலேயே அவர் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். ஒரு நாள் விடியற்காலையில், உறக்கமும் விழிப்புமான நிலையில் தமக்குத் தோன்றிய யோசனையை அடிகள் ராஜாஜியிடம் தெரிவித்தார். தேசம் முழுவதும் ஒரு நாள் தொழிலை நிறுத்தி, உபவாசமும் பிரார்த்தனையும் செய்வது என்பதே அந்த யோசனை. முதலில் மார்ச்சு 30-ந் தேதி என்றும், பின்னர் ஏப்ரல் 6-ந் தேதி என்றும் நாள் குறிக்கப்பட்டது. பாரத தேசம் கண்ட முதல் பொது ஹர்த்தாலின் வித்து சேலத்து வக்கீல் ஒருவரின் வீட்டில் விழுந்தது என்பது நம் ஜில்லாவுக்கு என்றும் பெருமையே.

பஞ்சாபில் அதற்குக் கிடைத்த மறுமொழி யாவரும் அறிந்ததே. கூட்டம் கூடலாகாதென்ற உத்தரவைக் காரணங் காட்டி, ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலா பாக்கில் ஆயுதமற்ற ஜனங்களைச் சுட்டுக் கொன்றார்கள். மாண்டவர் 379 பேர் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது. காங்கிரஸின் விசாரணை அதனினும் மிக அதிகமென்று கண்டது. ஆயினும் ஜனங்களின் மறுப்பு வீண் போகவில்லை. ரௌலட் சட்டம் ஒரு நாளும் அமுலுக்கு வராமல், 1922-ம் வருஷத்தில் ரத்தாயிற்று.

ராஜாஜி வக்கீல் தொழிலை உதறினார். 1921-ம் வருஷம் டிசம்பரில், தடையுத்தரவை மீறிய குற்றத்துக்காக மூன்று மாதச் சிறைவாசம் பெற்று வேலூர்ச் சிறை புகுந்தார். விடுதலைக்குப் பின் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, கதரையும் மதுவிலக்கையும் வளர்த்தார். 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி, ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை புறப்பட்டார். நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை யாத்திரைக்கென்றே பாட்டு இயற்றித் தந்தார். தஞ்சை ஜில்லா கலெக்டராயிருந்த தார்ன் துரை, தொண்டர்களைத் தடுப்பதைவிட அவர்களுக்குச் சோறிடுவோரைத் தடுப்பதே எளிதென எண்ணினார். உணவும் இடமும் கொடுப்பவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைக்கும் என்று ஊர் ஊராக அறிவித்தார். ஜனங்கள் சோற்று மூட்டைகளைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டுச் சென்றனர். வேதாரண்யத்தில் உப்பெடுத்த ராஜாஜி ஆறு மாதச் சிறைவாசம் பெற்றார். பசித்தவனுக்கு அன்னமிடுவதைக் குற்றமாக்கிய சட்டம் தமிழ் நாட்டில் எடுபடவில்லை.

மறியலுக்கும் பகிஷ்காரத்துக்கும் ஈடு கொடுக்க மாட்டாத சர்க்கார், 1932-ம் வருஷத்தில் கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அதன் ஏழாவது பிரிவு, பிறரை ஒரு காரியத்தினின்று விலக்கும் நோக்கத்தோடு அவர் வீட்டின் முன்போ, தொழிலிடத்தின் முன்போ நின்றிருப்பதையே குற்றமாக்கிற்று. கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணிக்கடை மறியலிலும் இறங்கிய தொண்டர்களை ஒடுக்கவே அது பிறந்தது. காங்கிரஸ் மேடைகளில் அதைக் கண்டிக்காத பேச்சாளர் இல்லை.

1937-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். அவ்வருஷம் அக்டோபர் 1-ந் தேதி தமது சேலம் ஜில்லாவிலேயே முதன்முதலாக மதுவிலக்கை அமுல் செய்தார். குடியானவர்களின் கடன் சுமையைக் குறைக்கச் சட்டம் செய்தார். இவை அவர் ஆட்சியின் மணிமகுடங்கள். ஆனால் 1938-ம் வருஷம் ஏப்ரலில் 125 பள்ளிகளில் ஹிந்துஸ்தானியைக் கட்டாய பாடமாக்கும் உத்தரவு பிறந்தபோது, தமிழ் மக்களில் பெரும் பகுதியினர் அதை எதிர்த்துக் கிளர்ந்தனர். பிரதமரின் வீட்டின் முன்னும் பள்ளிக்கூடத்தின் முன்னும் மறியல் நடந்தது. அவர்களைச் சிறைக்கு அனுப்புவதற்கு மந்திரிசபை எடுத்த ஆயுதம், 1932-ம் வருஷத்துச் சட்டத்தின் அதே ஏழாவது பிரிவுதான்.

ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். கைக்குழந்தைகளோடு தாய்மாரும் சென்றனர். ஈ. வெ. ராமசாமிப் பெரியாருக்கு ஒரு வருஷ சிக்ஷை கிடைத்தது. 1939-ம் வருஷம் ஜனவரியில் நடராசனும், மார்ச்சில் தாளமுத்துவும் சிறைவாசத்தின்போது உயிர் நீத்தனர். ராஜாஜியின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்நிய ஆட்சி வேறு, ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி வேறு. ஒருவன் வீட்டு வாயிலில் நின்று தொல்லை கொடுப்பது அபிப்பிராய பிரசாரம் ஆகாது என்பது அவர் கொள்கை. ஆயினும் காங்கிரஸ்காரரான சத்தியமூர்த்தியே அச்சட்டப் பிரயோகத்தை ஒப்பவில்லை. மந்திரிசபை 1939-ம் வருஷம் அக்டோபரில் விலகியது. 1940-ம் வருஷம் பிப்ரவரியில் கட்டாய ஹிந்தி உத்தரவை கவர்னர் ரத்து செய்தார். சட்டம் சிறையை நிரப்பிற்று. எதிர்த்தவர் மனத்தை மாற்றவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன் பிரிட்டிஷ் சர்க்காருக்குத் தாமே கற்பித்த பாடம் அவருக்கே திரும்ப வந்தது.

1940-ம் வருஷம் டிசம்பரில், தனிநபர் சத்தியாக்கிரகத்தில் யுத்தத்தை எதிர்த்து மீண்டும் சிறை புகுந்தவர், சுதந்திர பாரதத்தின் முதல் இந்திய கவர்னர் ஜெனரலாக உயர்ந்தார். 1950-ம் வருஷக் கடைசியில் சர்தார் படேல் மறைந்தபின் உள்நாட்டு மந்திரியானார். விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டத்தை 1951-ம் வருஷம் பிப்ரவரியில் நீடித்தவரும், அவ்வருஷமே ஆட்சேபகரமான எழுத்துக்களுக்கென்று பத்திரிகைச் சட்டம் கொணர்ந்தவரும் அவரே. காவல் வழக்குகள் அனைத்தையும் ஆலோசனை போர்டு பரிசீலிக்கும்படி அத்திருத்தத்திலேயே அவர் இடம் செய்தார் என்பதையும் மறைக்கலாகாது. எனினும் ரௌலட் சட்டத்தை எதிர்த்த கரம் இந்த மசோதாக்களை ஏந்திச் சென்ற காட்சி தேசபக்தர் பலருக்கு வேதனை தந்தது.

காலம் அவரை மீண்டும் மறுகரைக்குக் கொண்டு வந்தது. 1959-ம் வருஷத்தில், எண்பதாவது வயதைக் கடந்த அவர், சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்து, எதற்கெடுத்தாலும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்னும் ஆட்சி முறையைக் கண்டித்தார். 1965-ம் வருஷத்தில் மாணவர்கள் ஹிந்தியை எதிர்த்துக் கிளர்ந்தபோது, ஹிந்தித் திணிப்பை வன்மையாகக் கண்டித்தவர்களில் அவரும் ஒருவர். 1972-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி அவர் காலமானார்.

இந்தச் சரித்திரத்தைக் கூறியது அப்பெரியாரைக் குறை கூற அன்று. பணத்தையும் பதவியையும் துரும்பாக மதித்தவர், தம் கொள்கைக்காக நெருங்கிய நண்பர்களையும் விட்டுப் பிரியத் துணிந்தவர் அவர். அத்தகையவரின் கையிலேயே அந்தச் சட்டம் அவ்வாறு வேலை செய்ததென்றால், அவரினும் சிறியோர் கையில் அது என்ன செய்யாது? நல்லவர் ஆளும்போது கெட்ட சட்டத்தால் தீங்கில்லை என்று எண்ணுவது பேதைமை. சட்டப் புத்தகத்தில் ஏறிய வரி, அதை இயற்றியவரையும் எதிர்த்தவரையும் கடந்து வாழ்கிறது. வெள்ளையர் வைத்துவிட்டுப் போன 144-வது பிரிவு, 2024-ம் வருஷம் ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த புதிய சட்டத்தில் 163-வது பிரிவு என்று எண் மாறி நிற்கிறதேயன்றி, மறையவில்லை.

ஆகையால் ஊழியர்களுக்கு இரண்டு கடமைகள் உண்டு. எதிர்க்கும் உரிமையைக் காக்கப் போராடுவோர், அயலான் வாயிலில் வன்முறைக்கு இடங்கொடாமல், 1930-ம் வருஷத்து யாத்திரிகர்களைப் போல ஒழுங்கோடு நடக்க வேண்டும். நம் கட்சியே நாளை ஆட்சிக்கு வரினும், நம்மை ஒடுக்கிய சட்டத்தை முதலில் ரத்து செய்வோம் என்று இன்றே ஜனங்களுக்கு வாக்களிக்க வேண்டும். முதற் கடமையை நம் முன்னோர் செம்மையாக நிறைவேற்றினர். இரண்டாவது இன்னும் நிறைவேறாமல் கிடக்கிறது. சேலத்துச் சிங்கங்களின் வழிவந்தோர் அதை ஏற்று நடத்துவார்களாக.