அடிப்படை தேடிய அறிஞர் மெண்டலீவ்

மேல் வகுப்பிற்குச் செல்லும் மாணவர் பலர், கீழ் வகுப்பிற் கற்ற பாடங்களை மீண்டும் எடுத்துப் படித்தலைக் காலத்தை வீணாக்கும் செயல் எனக் கருதுகின்றனர். புதிய பாடம் முன்னே காத்திருக்கப் பழைய பாடம் எதற்கு என்பது அவர்தம் எண்ணம். வேதியியல் கற்பார்க்கு இவ்வெண்ணம் பெருந்தீங்கு விளைப்பதாகும். தனிமம் யாது, சேர்மம் யாது, அணு எடை எதனைக் குறிக்கும், இணைதிறன் என்பது என்ன என்னும் வினாக்களுக்குத் தெளிவான விடை அறியாதவன், மேல் வகுப்பிற் காணும் சமன்பாடுகளை மனப்பாடம் செய்யலாம். அவற்றின் பொருளை உணர்தல் அவனுக்கு அரிது. தொடக்கப் பாடங்களை மாணவர்க்கு விளங்க உரைக்க வேண்டுமென்று அவற்றை மீண்டும் ஆராயப் புகுந்து, அதன் பயனாகவே உலகம் போற்றும் உண்மையொன்றைக் கண்ட பேரறிஞர் ஒருவர் இருந்தார். அவரே உருசிய நாட்டு வேதியியல் அறிஞர் திமித்ரி மெண்டலீவ். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இப்பாடத்திற் காண்போம்.

பனி மிகுந்த சைபீரியாவில் தொபோல்ஸ்க் என்பது ஒரு பழைய நகரம். அந்நகரில் 1834 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8 ஆம் நாள் மெண்டலீவ் பிறந்தார். தந்தையார் இவான் பாவ்லவிச் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் தலைவர். தாயார் மரியா திமித்ரியெவ்னா. பிள்ளைகள் பலர் பிறந்த அக்குடும்பத்தில் மெண்டலீவே கடைக்குட்டி. அவர் பிறந்த ஆண்டிலேயே தந்தையார் கண்ணொளி இழந்து பணியை விட்டு விலக நேர்ந்தது. கிடைத்த ஓய்வூதியம் குடும்பத்தைக் காக்கப் போதவில்லை. அந்நிலையில் அன்னையார் மனந்தளரவில்லை. அருகிலிருந்த சிற்றூரில் தம் பிறந்தகத்தார்க்கு உரிய கண்ணாடித் தொழிற்சாலையை ஏற்று நடத்தினார். மணலும் காரப்பொருளும் உலையில் உருகி ஒளிபுகும் கண்ணாடியாக மாறும் விந்தையைச் சிறுவர் மெண்டலீவ் அங்கே கண்டார். அவர் கண்ட முதல் வேதியியற்கூடம் அன்னையின் தொழிற்சாலையே எனலாம்.

பள்ளியில் அவர் எல்லாப் பாடங்களிலும் முதல்வராய் விளங்கினாரல்லர். கணக்கும் இயற்பியலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. இலத்தீன் மொழியோ அவருக்குக் கசந்தது. இதற்கிடையே துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1847 இல் தந்தையார் இயற்கை எய்தினார். அடுத்த ஆண்டில் கண்ணாடித் தொழிற்சாலை தீக்கு இரையாயிற்று. கைப்பொருள் முழுவதும் இழந்த நிலையிலும், கடைசி மகனை உயர்கல்வி பயிலச் செய்தே தீர்வது என்று அன்னையார் உறுதி பூண்டார்.

1849 இல் மெண்டலீவ் பள்ளிப் படிப்பை முடித்தார். அன்னையார் மகனை அழைத்துக்கொண்டு 2,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மாஸ்கோ நகருக்குப் புறப்பட்டார். இருப்புப்பாதை அப்பகுதியை எட்டாத காலம் அது. அரும்பாடுபட்டு அந்நகரை அடைந்தும், அங்கிருந்த பல்கலைக்கழகத்தில் மகனுக்கு இடம் கிடைக்கவில்லை. அன்னையார் திரும்பிச் செல்லவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குச் சென்றார். தந்தையார் பயின்ற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 1850 இல் மெண்டலீவ் சேர்க்கப்பட்டார். மகன் கல்லூரியில் அடியெடுத்து வைத்ததைக் கண்ணாரக் கண்ட அன்னையார் அவ்வாண்டிலேயே மறைந்தார். நெடுவழி நடந்து ஒளி காட்டிய விளக்கு, வாயிலை அடைந்தவுடன் அணைந்தது போலாயிற்று. 37 ஆண்டுகள் கழித்து, 1887 இல், தாம் எழுதிய அரிய ஆராய்ச்சி நூலொன்றை மெண்டலீவ் அவ்வன்னையின் நினைவுக்கே உரிமையாக்கினார்.

கல்லூரியில் வொஸ்கிரெசென்ஸ்கி என்னும் ஆசிரியரிடம் அவர் வேதியியல் பயின்றார். உடல்நலம் குன்றி நோய்ப்படுக்கையிற் கிடந்த நாள்களிலும் நூலைக் கைவிடவில்லை. 1855 இல் பொற்பதக்கம் பெற்றுத் தேர்ந்தார். நெஞ்சு நோய் என்று அஞ்சப்பட்டமையால் தென்பகுதியிற் பள்ளியாசிரியராக அனுப்பப்பட்டார். ஆங்குப் பிரகோவ் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அவரை ஆய்ந்து, அச்சத்திற்கு இடமில்லை என்று தெளிவித்தார். பின்னர் அவர் தலைநகர் மீண்டு உயர்பட்டம் பெற்று, 1859 இல் மேலாராய்ச்சிக்காகச் செர்மனியிலுள்ள ஐடெல்பெர்க் நகருக்குச் சென்றார்.

அக்காலத்தில் வேதியியலின் அடிப்படையே குழப்பத்தில் இருந்தது. ஒருவர் ஆக்ஸிஜனின் அணு எடை 8 என்பார்; மற்றொருவர் 16 என்பார். கார்பனுக்கு 6 என ஒரு சாராரும் 12 என மற்றொரு சாராரும் கொண்டனர். நாம் நாள்தோறும் பருகும் நீரையே இருவேறு வாய்பாடுகளால் எழுதினர். அணு என்பதற்கும் மூலக்கூறு என்பதற்கும் உள்ள வேறுபாடு தெளிவுறாமையே இக்குழப்பத்திற்குக் காரணம். இதனைத் தீர்க்கும் பொருட்டு 1860 செப்டம்பரில் கார்ல்ஸ்ரூ நகரில் பல நாட்டு வேதியியல் அறிஞர் கூடினர். இளைஞராகிய மெண்டலீவும் அங்குச் சென்றார்.

அப்பேரவையில் இத்தாலி நாட்டுக் கன்னிசாரோ என்பவர் தெளிந்த கருத்துரைத்தார். தம் நாட்டவராகிய அவகாதரோ 1811 இலேயே கூறிச் சென்ற கருத்தை மீண்டும் எடுத்துக்கொண்டால் அணு எடைகளையெல்லாம் ஐயமின்றிக் கணக்கிடலாம் என்பது அவர் துணிவு. 1858 இல் அவர் வெளியிட்ட சிறு நூலொன்று அப்பேரவையில் வழங்கப்பட்டது. அந்நூல் அவர் தம் மாணவர்க்கு அடிப்படைப் பாடத்தை எவ்வாறு நடத்தினார் என்பதனைக் கூறுவதாகும். ஐம்பதாண்டுக் குழப்பத்தைத் தீர்த்தது வகுப்பறைப் பாடமே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மெண்டலீவ் அதன் அருமையை உடனே உணர்ந்து, தம் ஆசிரியருக்கு விரிவாகக் கடிதம் எழுதினார். திருத்தமான அணு எடைகள் அவர் கையிற் கிடைத்தன.

தாயகம் திரும்பிய மெண்டலீவ் நூல்கள் எழுதியும் ஆராய்ச்சிகள் செய்தும் சிறந்து, 1867 இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற் பொது வேதியியல் பேராசிரியரானார். மாணவர் கையிற் கொடுக்கத்தக்க நல்ல பாடநூல் உருசிய மொழியில் இல்லாமை கண்டு வருந்தினார். தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். அந்நூலின் பெயர் ‘வேதியியலின் அடிப்படைகள்’ என்பதாம். நீர், காற்று, எரிதல், உப்பு முதலாக யாவரும் அறிந்த பொருள்களிலிருந்தே அவர் பாடத்தைத் தொடங்கினார். எளியவை என்று பிறர் கடந்து சென்றவற்றை அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்.

முதற்பகுதியின் இறுதியில் புளோரின், குளோரின், புரோமின், அயோடின் என்னும் குடும்பத்தைப் பற்றி எழுதினார். இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் சோடியம், பொட்டாசியம் முதலிய உலோகங்களை வைத்தார். உணவில் இடும் உப்பு சோடியமும் குளோரினும் சேர்ந்ததாதலின் இவ்விரு குடும்பங்களையும் அடுத்தடுத்துக் கூறல் பொருத்தமாயிற்று. ஆனால், அடுத்து எதனைக் கூறுவது? அந்நாளில் அறியப்பட்ட தனிமங்கள் 63. அவற்றுட் பெரும்பாலன இன்னும் எஞ்சியிருந்தன. மனம் போன போக்கில் அவற்றை அடுக்கினால் மாணவர் மனத்தில் நிற்குமா? அடுக்குவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அவ்வொழுங்கு இயற்கையிலேயே அமைந்ததாக இருத்தல் வேண்டும். இதுவே அவரை வாட்டிய வினா.

1869 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள். பாலாடைக்கட்டி செய்யும் இடங்களைப் பார்வையிட வெளியூர் செல்ல வேண்டிய நாள் அது. அதன் தொடர்பாக வந்த கடிதத்தின் பின்புறத்திலேயே மெண்டலீவ் தனிமங்களின் அணு எடைகளைக் குறித்து ஒப்பிடலானார். புளோரின் 19, சோடியம் 23, குளோரின் 35.5, பொட்டாசியம் 39. புரோமின் 80, ருபீடியம் 85.4, அயோடின் 127, சீசியம் 133. பண்பால் முற்றும் மாறுபட்ட இரு குடும்பங்கள் அணு எடையால் அண்டை வீட்டாராய் நின்றன! உடனே ஏனைய தனிமங்களையும் அணு எடை வரிசையில் அமைத்துப் பார்த்தார். லித்தியத்தின் இணைதிறன் 1, பெரிலியத்திற்கு 2, போரானுக்கு 3, கார்பனுக்கு 4. பிறகு நைட்ரஜனுக்கு 3, ஆக்ஸிஜனுக்கு 2, புளோரினுக்கு 1 எனக் குறைந்தது. எட்டாவதாக வந்த சோடியம், லித்தியத்தின் பண்புகளையே மீண்டும் காட்டிற்று.

தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் முடிந்தவுடன் முதல் தட்டு மீண்டும் வருதலை இசை கேட்பார் அறிவர். அது போலவே தனிமங்களின் பண்புகளும் ஓர் இடைவெளிக்குப்பின் திரும்பத் திரும்ப வருகின்றன. இதுவே ஆவர்த்தன விதி. அவ்வொழுங்கைக் காட்டும் அட்டவணையை ஆவர்த்தன அட்டவணை என்றும் தனிம வரிசை அட்டவணை என்றும் வழங்குகிறோம். அதே மாதத்தில் அது உருசிய வேதியியற் கழகத்தில் அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தில் நியூலாந்சு, செர்மனியில் லோதர் மேயர் ஆகியோரும் இவ்வொழுங்கை ஓரளவு கண்டவரே. எனினும், அதனை விதியாகவே நம்பித் துணிந்து பயன்படுத்தியவர் மெண்டலீவ்.

அத்துணிவின் அளவைக் காண்போம். அட்டவணையில் ஒரு தனிமம் தன் பண்புக்கு ஒவ்வாத இடத்தில் விழுந்தால், அணு எடையே தவறு என்றார். பெரிலியத்தின் எடை 14 அன்று, ஏறத்தாழ 9 என்றும், யுரேனியத்தின் எடை 120 அன்று, 240 அளவினது என்றும் உரைத்தார். பொருந்தும் தனிமம் கிடைக்காத இடங்களை வெற்றிடங்களாகவே விட்டார். 1871 இல் அவ்விடங்களுக்கு உரிய மூன்று தனிமங்களின் பண்புகளை முன்கூட்டியே எழுதி வைத்தார். அவற்றிற்குப் பெயரிட, வடமொழியில் ஒன்று என்னும் பொருள்படும் ‘ஏக’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு, ஏக அலுமினியம், ஏக போரான், ஏக சிலிகன் என்றார். நம் நாட்டுச் சொல்லொன்று அவ்வாறு உலக வேதியியலில் இடம்பெற்றது.

கண்டறியாத பொருளுக்கு எடை கூறுவதா என்று ஐயுற்றவர் பலர். 1875 இல் பிரான்சு நாட்டவராகிய புவபோதிரான் காலியம் என்னும் தனிமத்தைக் கண்டார். அதன் அடர்த்தி 4.7 என அவர் வெளியிட்டார். அது 5.9 அளவில் இருத்தல் வேண்டும் என்று மெண்டலீவ் எழுதினார். பொருளைக் கண்ணாலும் காணாதவர், கையில் வைத்து அளந்தவரைத் திருத்தினார்! மீண்டும் தூய்மை செய்து அளந்தபோது 5.9 என்றே விடை வந்தது. 1879 இல் சுவீடனில் நில்சன் ஸ்காண்டியத்தையும், 1886 இல் செர்மனியில் விங்கிளர் செர்மானியத்தையும் கண்டனர். ஏக சிலிகனுக்கு அணு எடை 72, அடர்த்தி 5.5 என்று மெண்டலீவ் கூறியிருந்தார். செர்மானியத்தின் அணு எடை 72.3 எனவும், அடர்த்தி ஏறத்தாழ 5.5 எனவும் அளவிடப்பட்டன. ஐயங்கள் அகன்றன.

அவரும் பிழை செய்யாதவர் அல்லர். அயோடினைவிட டெல்லூரியம் எடை மிக்கதாயினும், பண்பு நோக்கி அதனை முன்னே வைத்தார், அது சரியே. ஆனால் டெல்லூரியத்தின் எடையைத் தவறாக அளந்துவிட்டனர் என்று கூறினார், அது பொருந்தவில்லை. வரிசைக்கு அடிப்படை அணு எடையன்று, அணு எண்ணே என்பதனை 1913 இல் மோசுலி மெய்ப்பித்தார். அணுவினும் நுண்ணிய துகள் உண்டு என்பதனையும் மெண்டலீவ் முதுமையில் ஏற்கத் தயங்கினார். எனினும் அவர் வகுத்த அட்டவணை அழியவில்லை. 118 தனிமங்களுக்கு இடந்தந்து இன்று விரிந்து நிற்கிறது.

மாணவர்பால் அவர் கொண்ட அன்பு பெரிது. 1890 இல் மாணவரது விண்ணப்பத்தைத் தாமே அமைச்சரிடம் கொண்டுசென்றார். அது மறுக்கப்படவே, பேராசிரியர் பணியைத் துறந்தார். 1893 முதல் அளவைகளுக்கான அரசு அலுவலகத்தின் தலைவராய்த் தொண்டாற்றினார். தம் பாடநூலைக் காலத்திற்கேற்பத் திருத்திக்கொண்டே இருந்தார். அவர் வாழ்நாளிலேயே அஃது எட்டுப் பதிப்புகள் கண்டது. 1907 பிப்ரவரி 2 ஆம் நாள் அவர் மறைந்தார். 1955 இல் ஆக்கப்பட்ட 101 ஆம் தனிமம் ‘மெண்டலீவியம்’ என அவர் பெயரைத் தாங்குகிறது.

மாணவர்களே! மெண்டலீவின் முன்னிருந்த அணு எடைகளும் இணைதிறன்களும் அந்நாளைய பிற அறிஞர்க்கும் தெரிந்தவையே. தெரிந்தவற்றை மீண்டும் ஒருமுறை பொறுமையுடன் நோக்கியதே அவர் பெருமை. மேல் வகுப்பு வேதியியலைத் தொடங்குமுன் பழைய குறிப்பேட்டைத் திறவுங்கள். தனிமங்களின் குறியீடுகளையும், அணு எடைகளையும், இணைதிறன்களையும் எழுதிப் பாருங்கள். நீரின் வாய்பாடு ஏன் அவ்வாறு அமைந்தது என்று உங்களையே வினவிக்கொள்ளுங்கள். விடை தடுமாறுமிடம் எதுவோ, அங்கிருந்து படிப்பைத் தொடங்குங்கள். உறுதியான அடிப்படையின்மேல் எழும் கல்வியே ஓங்கி நிற்கும்.