அனுமதிச் சீட்டை எரித்த தம்பி நாயுடு

தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகம் என்றதும் தமிழர்களின் நினைவுக்கு முதலில் வருபவர் தில்லையாடி வள்ளியம்மை. அந்தப் போராட்டத்தின் முதல் நாள் தொட்டு கடைசி நாள் வரை காந்தியடிகளுக்கு வலக்கரமாக நின்றவர் மற்றொரு தமிழர். அவர்தான் தம்பி நாயுடு.

இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர் அவர். 1875-ல் மொரீஷியஸ் தீவில் பிறந்தார். பெற்றோர் சென்னை மாகாணத்திலிருந்து அங்கே குடியேறியவர்கள். 1889-ல், பதினான்கு வயதில், தென்னாப்பிரிக்காவுக்கு வந்தார். பின்னர் ஜோகன்னஸ்பர்க் நகரில் வியாபாரம் செய்து வாழ்ந்தார். பள்ளிப் படிப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆயினும் ஆங்கிலமும் தமிழும் நன்றாகப் பேசுவார். இந்துஸ்தானி தெரியும். ஓரளவு தெலுங்கும் தெரியும். மொரீஷியஸின் கிரியோல் மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மனைவி வீரம்மாள். பிள்ளைகள் பலர். வியாபாரமும் குடும்பமுமாக நிம்மதியாக இருந்திருக்கலாம். ஒரு சட்டம் குறுக்கே வந்தது.

கறுப்புச் சட்டம்

1907-ல் டிரான்ஸ்வால் சட்டசபை ஆசியர் பதிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியர்களும் சீனர்களும் அலுவலகத்துக்குப் போய்ப் பத்து விரல் ரேகைகளையும் பதித்து, பதிவுச் சீட்டு வாங்க வேண்டும். போலீஸ்காரர் எந்த இடத்தில் கேட்டாலும் அதை எடுத்துக் காட்ட வேண்டும். சீட்டு இல்லையேல் வியாபார லைசென்ஸ் கிடையாது. அபராதம், சிறை, நாடு கடத்தல் ஆகிய தண்டனைகளும் உண்டு. வெள்ளையர்களுக்கு இந்த விதி எதுவும் இல்லை. குற்றவாளிகளிடம் வாங்குவதைப் போல் தங்களிடம் ரேகை வாங்குவதா என்று இந்தியர்கள் கொதித்தனர். இதற்குக் கறுப்புச் சட்டம் என்றே பெயர் வைத்தனர்.

பதிவு அலுவலகங்களின் முன் மறியல் தொடங்கியது. ஜோகன்னஸ்பர்க் மறியல் தொண்டர்களுக்குத் தலைவர் தம்பி நாயுடு. பதிய வருபவர்களை மிரட்டக் கூடாது, திட்டக் கூடாது, எடுத்துச் சொல்ல மட்டுமே வேண்டும் என்பது தொண்டர்களுக்கு இட்ட கட்டளை. சுமார் 13,000 ஆசியர் இருந்த இடத்தில், 1907 நவம்பர் முடிய ஏறக்குறைய 500 பேர்தான் பதிந்தனர். 1908 ஜனவரியில் காந்தியடிகளும் தம்பி நாயுடுவும் சிறை சென்றனர். காந்தியடிகளுக்கு அதுவே முதல் சிறைவாசம்.

தாமாகக் கொடுத்த ரேகை

அதே மாதம் சமரசப் பேச்சு நடந்தது. இந்தியர்கள் தாமாக முன்வந்து பதிந்துகொண்டால் கட்டாயச் சட்டம் நீக்கப்படும் என்று ஜெனரல் ஸ்மட்ஸ் ஒப்புக்கொண்டதாகத் தலைவர்கள் நம்பினர். 1908 ஜனவரி 28-ல் சிறையிலிருந்து எழுதிய சமரசக் கடிதத்தில் மூவர் கையெழுத்திட்டனர். காந்தியடிகள், சீனர் தலைவர் லியுங் குவின், தமிழர் சார்பில் தம்பி நாயுடு.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. நேற்று வரை ரேகை வைக்காதே என்று சொன்னவர்கள் இன்று தாங்களே வைக்கப் போகிறார்களே என்று கேட்டனர். பிப்ரவரி 10-ல் பதிவு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மீர் ஆலம் என்ற பட்டாணியரும் அவருடைய கூட்டாளிகளும் காந்தியடிகளைத் தாக்கினர். குறுக்கே பாய்ந்து தடுத்த தம்பி நாயுடுவுக்கும் அடி விழுந்தது.

இந்த இடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சீட்டு என்ற காகிதத்தின் மேல் அவர்களுக்குப் பகை இல்லை. நம்பிக்கையின் பேரில் கேட்டால் கொடுக்கலாம், தடியைக் காட்டிக் கேட்டால் கொடுக்கக் கூடாது என்பதே அவர்கள் கட்சி.

கட்டாயச் சட்டம் நீங்கவில்லை. 1908 ஆகஸ்ட் 16-ல் ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதித் திடலில் பெருங்கூட்டம் கூடியது. இரும்புக் கொப்பரை ஒன்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகளைக் குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினர்.

கொடுத்த விலை

இதற்குத் தமிழர் கொடுத்த விலை பெரிது. 1908 ஜூலையில் லைசென்ஸ் இல்லாமல் தெருவில் வியாபாரம் செய்ததாகத் தம்பி நாயுடு சிறையில் அடைக்கப்பட்டார். அப்போது வீரம்மாள் நிறைமாதக் கர்ப்பிணி. குழந்தை இறந்தே பிறந்தது. நாயுடுவோ பின்வாங்கவில்லை. போராட்டக் காலத்தில் பத்து முறைக்கும் மேலாகச் சிறை புகுந்தார். வியாபாரம் பாழாயிற்று.

1909-ல் நாகப்பன் என்ற இளைஞர் சிறை முகாமின் குளிரில் நோயுற்று, விடுதலையானதும் மாண்டார். பல தமிழர்கள் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். சென்னையில் இறங்கியவர்களை ஜி.ஏ. நடேசன் ஆதரித்து உதவினார். திரும்பி வந்த நாராயணசாமி என்பவரைத் துறைமுகங்களில் கரையிறங்க விடவில்லை. 1910 அக்டோபரில் டெலகோவா குடாவில் கப்பலிலேயே உயிர் நீத்தார். கையில் ஒரு சீட்டு இல்லாத குறைக்கு இத்தனை உயிர்கள்!

எல்லையைத் தாண்டிய கால்கள்

1910-ல் நான்கு காலனிகளும் சேர்ந்து தென்னாப்பிரிக்க யூனியன் ஆயின. நாடு ஒன்றாயிற்று. ஆனால் இந்தியர்களுக்கு மட்டும் உள்ளே வேலிகள் இருந்தன. நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வாலுக்குப் போக அனுமதி வேண்டும். எல்லை ஊரான வோல்க்ஸ்ரஸ்டில் ரயிலை நிறுத்திச் சோதிப்பார்கள்.

1913-ல் இந்த எல்லையே போர்க்களம் ஆயிற்று. கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்ற கோர்ட்டுத் தீர்ப்பும், ஒப்பந்தக் கூலி முடிந்தவர்கள் மேல் விதித்த 3 பவுன் தலைவரியும் பெண்களையும் தொழிலாளர்களையும் களத்தில் இறக்கின. வீரம்மாள் உள்ளிட்ட டிரான்ஸ்வால் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, அனுமதியின்றி நேட்டாலுக்குள் புகுந்தனர். அவர்களை நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அழைத்துச் சென்றவர் தம்பி நாயுடு. சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. பின்னால் வந்த அணியில் சிறை சென்ற வள்ளியம்மை காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் மறைந்தார்.

1913 நவம்பர் 6-ல் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் எல்லையை நோக்கி நடந்தனர். சோதனைச் சாவடியால் அந்த வெள்ளத்தைத் தடுக்க முடியவில்லை. 1914-ல் தலைவரி ஒழிந்தது, திருமணங்கள் செல்லுபடி ஆயின. ஆனால் மாகாணம் விட்டு மாகாணம் போகும் தடை மட்டும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

குணமும் குறையும்

தம்பி நாயுடு முன்கோபக்காரர், அவசரக்காரர். இந்தக் குறை இல்லாதிருந்தால் டிரான்ஸ்வால் இந்தியருக்கே தலைமை ஏற்றிருக்கலாம் என்பது காந்தியடிகளின் மதிப்பீடு. தலைமை வகிக்கவும் தெரியும், மூட்டை சுமக்கவும் தெரியும். காந்தியடிகள் 1914-ல் விடைபெற்றபோது நாயுடு தம் நான்கு புதல்வர்களை அவரிடமே ஒப்படைத்தார். தமிழர் நலச் சங்கத்தின் தலைவராகத் தொண்டாற்றி 1933-ல் காலமானார்.

ஆப்பிரிக்க மக்களின் கழுத்தில் கிடந்த பாஸ் சட்டம் அந்தப் போராட்டத்தில் எழுப்பப்படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கணக்கைத் தீர்க்கும் போரில் நாயுடுவின் குடும்பம் பின்னர் நின்றது. பேரன் இந்திரேஷ் நாயுடு 1963 முதல் பத்தாண்டுகள் ராபன் தீவுச் சிறையில் கிடந்தார். பாஸ் சட்டம் 1986-ல்தான் ஒழிந்தது.

நமக்கு என்ன?

அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்திலிருந்து ஓசூருக்குப் பஸ் ஏறுகிற தமிழரை இன்று யாரும் சீட்டுக் கேட்பதில்லை. நாடெங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தந்திருக்கிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது அத்திப்பள்ளியிலும் ஜூஜூவாடியிலும் இ-பாஸ் கேட்டார்கள். சொந்த ஊரில் சாவு என்றாலும் அனுமதி பெற்றே போக வேண்டியிருந்தது. நோயைத் தடுக்க வந்த ஏற்பாடு அது, நோய் தணிந்ததும் போயிற்று. இருந்தாலும் ஒரு சீட்டுக்குள் எவ்வளவு அதிகாரம் அடங்கியிருக்கிறது என்பதை நம் மக்கள் அப்போது கண்டுகொண்டனர்.

ஆதார் அட்டைக்கு விரல் ரேகை வாங்குவதை எதிர்த்து 2012-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றவரும் பெங்களூர்வாசியே. கர்நாடக ஹைகோர்ட்டின் முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 2018-ல் அரசு உதவிகளுக்கு ஆதார் செல்லும் என்றும், பாங்குக் கணக்குக்கும் செல்போனுக்கும் அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் முடிவாயிற்று.

ரேஷனுக்கும் பென்ஷனுக்கும் அட்டை வேண்டும். ஏழைக்கு அது உதவியும் செய்கிறது. ஆனால் எந்த அட்டையையும் யார் கேட்கலாம், எதற்குக் கேட்கலாம், இல்லையென்றால் என்ன செய்யலாம் என்ற கேள்விகளைக் குடிமக்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே நாட்டுக்குள் நடமாட அனுமதிச் சீட்டு எதற்கு என்று கேட்டுச் சிறை சென்ற தம்பி நாயுடுவின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.